உஷார்! குதிரைத் தீனியில் மில் தவிடு

குதிரைக்கு உடம்பு தேறட்டும் என்று அரிசி மில்லிலிருந்து தவிட்டு மூட்டை இறக்குகிறவர்கள், கொஞ்சம் பொறுங்கள். "கொழுப்பைக் கூட்டு, மாவைக் குறை" என்ற பேச்சு இப்போது லாயம் லாயமாகச் சுற்றுகிறது. பந்தய வண்டி ஓட்டுகிறவரும் சொல்கிறார், கடற்கரையில் சவாரி விடுகிறவரும் சொல்கிறார், ஊட்டியில் மட்டக்குதிரை வைத்திருப்பவரும் சொல்கிறார். பேச்சில் தப்பில்லை. அதை நம்பித் தொட்டியில் எதைக் கொட்டுகிறோம் என்பதில்தான் குதிரையின் உயிர் இருக்கிறது.

பேச்சு ஏன் சரி என்பதை முதலில் பார்த்துவிடலாம். குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தானியத்தை ஒரே வேளையில் அள்ளிக் கொடுத்தால், சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சிய மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அமிலம் ஏறும், வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சி கண்டு குதிரை கால் ஊன்ற முடியாமல் நிற்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம், அதற்கு மேல் ஒரு வேளை மாவுச்சத்து போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 400 கிலோ குதிரைக்கு 400 கிராம். மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மாவு என்பதால், அரை கிலோவைத் தாண்டியதுமே எல்லை முடிந்துவிடும். கொழுப்பு இந்த வம்பே இல்லாமல் கிராமுக்கு 9 கலோரி தரும், மாவு தருவது 4. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனால் பித்தநீர் ஓயாமல் வடிந்துகொண்டே இருப்பதால், மெல்லப் பழக்கினால் எண்ணெயை நன்றாகவே செரித்துவிடும்.

இதைக் கேட்டதும் நம் ஊரில் கை போகிற இடம் அரிசித் தவிடு. எண்ணெய் எடுக்காத தவிட்டில் 12 முதல் 18 சதவீதம் கொழுப்பு உண்டு, விலையும் மலிவு. வெளிநாட்டில் குதிரைக்கென்றே தவிட்டை மூட்டை கட்டி விற்கிறார்களே என்பார்கள். விற்கிறார்கள்தான். அது வெப்பத்தில் பதப்படுத்திய தவிடு, கால்சியம் சேர்த்த தவிடு. மில்லில் வாங்குவது இரண்டும் இல்லாதது. நெல்லைத் தீட்டிய சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நம் வெயிலில் ஒரு வாரம் கிடந்த மூட்டையைப் பிரித்தாலே காறல் வாடை மூக்கில் ஏறும்.

காறலையாவது மூக்கு கண்டுபிடிக்கும். இன்னொன்றை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. ஒரு கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 16 கிராம் அளவில் இருக்கும், கால்சியம் 1 கிராம் தேறினால் அதிகம். குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிடக் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். உருவிய இடத்தை நார்த்திசு அடைக்கும். முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும், பல் ஆடும், இன்று முன்னங்காலில் நொண்டிய குதிரை அடுத்த வாரம் பின்னங்காலில் நொண்டும். லாடம் அடித்தவர் மேல் பழி போடுவார்கள். மாவு மில்காரர்களின் குதிரைகள் தவிட்டையே தின்று இப்படிப் படுத்ததால், மில்காரர் நோய் என்றே இதற்குப் பெயர் விழுந்தது. ரத்தப் பரிசோதனை செய்தால் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். எலும்பைக் கரைத்துத்தானே ரத்தத்துக்கு ஊட்டுகிறது! வெளியே தெரிய மாதக்கணக்கு ஆகும் என்பதால், "போன வருஷமும் இதைத்தான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இங்கே செல்லாது.

தமிழ்நாட்டில் இதற்குமேல் ஒரு பிரச்சினை இருக்கிறது. பசுந்தீவனம் என்றாலே இங்கே கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4, கோ-5. மாட்டுக்கு அருமையான புல். அதில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு ஏது? ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைக் கட்டிப்போட்டுச் சாணத்தோடு வெளியே தள்ளிவிடும். மலைப்பகுதிப் புல்வெளிகளில் பரவிக் கிடக்கும் கிக்குயூ புல்லுக்கும் இதே குணம். ஆக, நேப்பியரும் தவிடும் சேர்ந்தே விழுகிற தொட்டியில் குதிரைக்குக் கால்சியம் இரண்டு வழியாகப் பறிபோகிறது. உங்கள் லாயத்தில் இந்தச் சேர்க்கை இருந்தால் முதல் வேலையாகத் தவிட்டை நிறுத்துங்கள், புல்லில் பாதியையாவது குதிரை மசாலாகவோ வேறு காய்ந்த புல்லாகவோ மாற்றுங்கள். குதிரை மசாலில் கால்சியம் தாராளம், மாவும் குறைவு.

கால்சியம் சேர்த்துச் சமன் செய்ய முடியாதா என்றால் முடியும். ஒரு கிலோ தவிட்டுக்குத் தீவனத் தரமுள்ள கால்சியம் கார்பனேட் 60 கிராம் அளவு வேண்டியிருக்கும். டைகால்சியம் பாஸ்பேட் கலந்த தாதுக் கலவையைப் போட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று இருக்காதீர்கள். அதிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் யாராவது சொன்னால் அவரை லாயத்துப் பக்கமே விடாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும்.

சால்வென்ட் தவிடு பற்றி ஒரே வரி: எண்ணெயை எடுத்துவிட்ட பிறகு அதில் கொழுப்பு எங்கே இருக்கும்? பாஸ்பரஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

அடுத்தது கடைச் சரக்கு. "ஹை ஃபேட்" என்று பெரிதாக அச்சிட்ட டப்பாவில் தினம் 50 கிராம் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். 20 சதவீதம் கொழுப்பு என்றால் 10 கிராம், அதாவது 90 கலோரி. சும்மா நிற்கும் 400 கிலோ குதிரைக்கே ஒரு நாளைக்கு 13,000 கலோரிக்கு மேல் வேண்டும். மூட்டைத் தீவனமானால் புரதம், கொழுப்பு, நார், ஈரம் எல்லாம் போட்டிருக்கும், மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட்டிருக்காது. சேர்மானத்தைப் படியுங்கள். மக்காச்சோளமும் குருணையும் முதலில் வந்தால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அது மாவுத் தீவனம்தான். மாட்டுக்கு விற்கும் பைபாஸ் கொழுப்பு மாட்டின் வயிற்றுக்காகச் செய்தது. பெரும்பாலான குதிரைகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எண்ணெய்தான் சுலபமான வழி, ஆனால் அதிலும் உஷார். வாயைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய் புகட்டாதீர்கள். எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரலில் தேங்கிவிடும், அந்த நிமோனியாவிலிருந்து மீள்வது கஷ்டம். தீனியில் பிசைந்துதான் கொடுக்க வேண்டும். 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றலாம், 400 கிலோ குதிரைக்கு 400 மில்லிதான் உச்சம். கூடவே வைட்டமின் ஈ வேண்டும். பஜ்ஜிக் கடையின் மிச்ச எண்ணெய் கூடவே கூடாது. ஏற்கெனவே கொழுத்த மட்டக்குதிரைக்கு எண்ணெயே தேவையில்லை, அதற்குத் தீனியைக் குறைத்து நடக்க விட வேண்டும். குறைக்கிறேன் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள், ரத்தத்தில் கொழுப்பு ஏறி அதுவே உயிரை வாங்கும்.

கடைசியாக, குதிரையின் உயிரை உடனே வாங்கக்கூடிய ஒன்று. கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்ப்பதுண்டு. சில மாட்டுத் தீவனக் கலவைகளிலும் மோனென்சின் இருக்கும். கோழிக்குக் கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் அளவில் போனால்தான் உயிருக்கு ஆபத்து. குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே போதும், இதயத் தசை செத்துவிடும். மாற்று மருந்து கிடையாது. தீவன அறையின் கதவைத் தள்ளித் திறந்து மட்டக்குதிரை தின்றிருந்தால், வியர்வையோ தள்ளாட்டமோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சத் தீவனத்தை அகற்றி, குதிரையை நடக்க விடாமல் நின்ற இடத்திலேயே நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். மூட்டையைத் தூக்கி எறியாமல் அவர் கையில் கொடுங்கள். பிழைத்துக்கொண்டாலும், இதயத்தைப் பரிசோதித்து அவர் சரி என்று சொல்லும்வரை முதுகில் யாரையும் ஏற்றாதீர்கள்.