வினா இலக்கணமும் தேர்வு வினாக்களும்

மாணவர் விடைத்தாளில் பிழை காணுங்கால், பாடம் அறியாமையே அதற்குக் காரணம் என்று எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். வினாவின் பொருளை உணராமையால் நேர்ந்த பிழையும் அதனுள் மறைந்து கிடத்தல் கூடும். கணக்கிலும் அறிவியலிலும் வரலாற்றிலும் தோன்றும் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் கருவி தமிழாசிரியரிடத்தும் உண்டு என்பதே ஈண்டுக் கூறப்புகுவது.

வினா அறுவகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்னும் அவற்றுள் தேர்வில் வருவது அறிவினாவே. விடை அறிந்த ஒருவர், மாணவனும் அதனை அறிவானோ எனக் காண்டற்குக் கேட்பது அது. வீட்டிலும் கடைத்தெருவிலும் அவன் எதிர்கொள்வன பெரும்பாலும் அறியா வினாக்கள். அங்கே, கேட்டவர் முன்பே அறிந்தவற்றை விடுத்து எஞ்சியதைச் சொல்வதே நல்ல விடை. அவ்வழக்கத்தையே தேர்விலும் கைக்கொள்ளும் மாணவன், 'ஆசிரியருக்குத் தெரியாததா?' என்று இடைப்படிகளை விட்டுவிடுகிறான். 'விரித்தெழுதுக' என்று பன்முறை கடிந்துரைப்பதினும் இவ்வேறுபாட்டை ஒருமுறை உணர்த்துதல் பெரும்பயன் தரும்.

மேலும், தேர்வு வினாக்கள் பலவற்றில் வினா எழுத்தே இராது. 'விளக்குக', 'நிறுவுக', 'காரணம் கூறுக' என வியங்கோளாகவே அவை வரும். சொல் ஒன்றாயினும் பாடந்தோறும் அது விதிக்கும் செயல் வேறு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குக் காரணம் கேட்பின், அரசியல், பொருளியல், படைத்துறை எனப் பலவற்றையும் எடுத்துரைத்தல் வேண்டும். பனிக்கட்டி நீரில் மிதத்தற்குக் காரணம் கேட்பின், அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியினும் குறைவு என்பதை விளங்கக் காட்டினால் அமையும். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என நிறுவுமாறு கேட்டபோது, ஒரு முக்கோணம் வரைந்து கோணமானியால் அளந்து காட்டும் மாணவன் உழைப்பிற் குறைந்தவன் அல்லன். ஆய்வுக்கூடத்துக்குரிய முறையை வடிவியலுக்குக் கொணர்ந்துவிட்டான்.

கலைச்சொற்களும் இவ்வாறு மயக்கும். 'பகுதி' என்பது தமிழ் வகுப்பில் 'நடந்தான்' என்பதன் முதனிலையாகிய 'நட'. அடுத்த மணியில் கணக்கு வகுப்பில் அதுவே பின்னத்தின் கோட்டிற்குக் கீழ் நிற்கும் எண். 'அலகு' யாப்பில் ஒன்று, இயற்பியலில் ஒன்று, பறவைக்கோ மூக்கு! பல பொருள் ஒரு சொல்லைக் கற்பிக்கும் நாம் இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளாமை வியப்பே.

தொடரமைப்பால் நேரும் இடர் இன்னும் நுட்பமானது. 'கமலாவிடம் 12 மாம்பழங்கள் உள்ளன; அவை வள்ளியிடம் உள்ளவற்றைவிட 3 மிகுதி; வள்ளியிடம் எத்தனை?' என்னும் வினாவில் 'மிகுதி' என்ற சொல்லைக் கண்ட அளவிலே கூட்டி 15 என எழுதுவோர் உண்டு. அவர்தம் கூட்டலில் பிழையில்லை. 'அவை' என்னும் சுட்டு யாருடைய பழங்களைக் குறிக்கின்றது, ஐ உருபேற்று 'விட' என்பதற்குமுன் நிற்பது எது என்னும் இரண்டையும் வினவின், 9 என்னும் விடை தானே புலப்படும். சுட்டுப்பெயரையும் வேற்றுமையையும் நடத்துங்கால் செய்யுளடிகளையே சான்று காட்டி அமைகிறோம். கணக்கு நூலிலிருந்தும் இத்தகைய தொடர்கள் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளலாம். கணக்காசிரியரிடம் நூலை இரவல் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை. அவ்வாறு பயிற்றுங்கால், யாரிடம் உள்ளவை மிகுதி என்பதை மட்டும் முதற்கண் சொல்லச் செய்து, அதன் பின்னரே எண்களைக் கையாள விடுதல் வேண்டும்.