சுவாமியறையில் இருந்த ஒரு படம்



எமது வீட்டுச் சுவாமியறையில், பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் பக்கத்தில், காவியுடை தரித்த ஒருவரின் படம் பல வருடங்கள் மாட்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விபூதிப் பொட்டலத்தோடு தந்த படம் அது. அவர் பெயரை இன்று எடுத்தால் எம்மிற் பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன்.

மாத்தளையிலே பிறந்து அங்கே ஆசிரமம் நடத்திவந்த பிரேமானந்தா, 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் தமிழகம் சென்று, விராலிமலைக்கு அண்மையில் பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தார். கையிலிருந்து விபூதி வரும், சிவராத்திரியில் வாயிலிருந்து இலிங்கம் வரும் என்றார்கள். அங்கு வளர்ந்த சிறுமிகளிற் பலர் எமது நாட்டிலிருந்து போன அநாதைப் பிள்ளைகள். 1994 இல் ஒரு பெண் வெளியேறி வாய் திறந்த பிறகுதான் உலகம் உண்மையை அறிந்தது. 13 பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்திய குற்றமும், ஆசிரமத்திலிருந்த ரவி என்பவரைக் கொலை செய்த குற்றமும் நிரூபிக்கப்பட்டு, 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றில் நீதிபதி பானுமதி அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கலைக்கப்பட்ட ஒரு கருவின் மரபணுச் சோதனையும் சாட்சியாயிற்று. உயர் நீதிமன்றமும், 2005 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தன. 2011 இல் தண்டனைக் கைதியாகவே அவர் காலமானார். எமது வீட்டுப் படம் இறங்கியது 1997 இலேதான். கைது நடந்து மூன்று வருடங்கள், 'பொறாமையாற் கட்டிய கதை' என்று சொல்லிக்கொண்டு அதற்குப் பூ வைத்தோம்.

அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? சோறு போட்டவர், படிப்பித்தவர், கூரை தந்தவர், தெய்வமென்று எல்லோரும் விழுந்து கும்பிட்டவர் எல்லாம் ஒரே ஆள். திரும்பிப்போக வீடில்லை. 'குருநிந்தை மகாபாவம்' என்பது வேறு. ஆனால் திருமூலர் சற்குருவைப் பாடியதோடு நிற்கவில்லை, அசற்குருவையும் தனியே பாடினார். வள்ளுவர் கூடாவொழுக்கத்துக்கு ஓர் அதிகாரமே வைத்தார். குருவைச் சோதித்துப் பார்ப்பது சைவத்துக்குப் புறம்பானதன்று.

பிறம்ரனில் இருக்கும் எமக்கு இது தூரத்துக் கதையா? புதிதாக வந்த குடும்பத்துக்குக் கோயில்தான் ஊர். வேலை விசாரிப்பதும், அறை தேடுவதும், பிள்ளையைத் தேவார வகுப்பில் விடுவதும் இங்கேதான். ஆகவே பூசகரோ, ஆசிரியரோ, நிர்வாகியோ, தொண்டரோ தவறாக நடந்தால், அதை முறையிடும் வாசலும் அவருடைய நண்பர்களின் வாசலாகவே இருக்கும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கூட்டத்திலே, கண்ணீரோடு வந்த ஒரு தாயிடம் "கோயிலின் பெயர் கெட்டுவிடும் அக்கா" என்று ஒருவர் சொன்னார். நாங்கள் ஏழெட்டுப் பேர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு பேசாமலிருந்தோம். அந்தக் குடும்பம் பிறகு வரவேயில்லை.

ஒன்ராறியோவின் 2017 ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர், குடும்ப சேவைகள் சட்டத்தின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்க நியாயமான காரணமுள்ள எவரும் உடனே சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டும். எமக்கு அது பீல் சிறுவர் உதவிச் சங்கம். தலைவரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்றால் கடமை தீராது, அறிந்தவரே அறிவிக்கவேண்டும். நிரூபிப்பது எம்முடைய வேலையன்று. வளர்ந்தவர்கள் விடயத்திலும், நம்பிக்கைக்குரிய பதவியையோ அதிகாரத்தையோ துர்ப்பிரயோகம் செய்து பெற்ற சம்மதத்தைக் கனடாக் குற்றவியற் சட்டம் சம்மதமாகவே கொள்வதில்லை. பாலியற் தாக்குதலுக்கு நட்டஈடு கேட்டு வழக்கிட இருந்த காலவரம்பும் ஒன்ராறியோவில் 2016 இல் நீக்கப்பட்டது. இருபது வருடத்துக்குப் பிறகு ஒருத்தி பேசினாலும் நேரம் போய்விடவில்லை.

ஆனால் சட்டம் காயத்தை ஆற்றாது. பேச வந்தவளிடம் "முன்வினை" என்று சொல்லாதீர்கள். செய்தவனின் வினையை அவள் தலையில் ஏற்றுவதாகும் அது. "மன்னித்துவிடு பிள்ளை" என்றும் அவசரப்படவேண்டாம். சிலருக்குக் கர்ப்பூர வாசனையே நெஞ்சை அடைக்கும். கோயிலுக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். சிலர் வர விரும்புவார்கள். அவர்கள் வரும்போது ஒதுங்கவேண்டியவர் மற்றவர். பயிற்சிபெற்ற ஆலோசகரிடம் போக விரும்பினால், தமிழ் பேசுபவரைத் தேடிக்கொடுத்து, கூடவே காரில் கொண்டுபோய் விடுங்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள். அவள் சொன்ன கதை அவளுடையது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கேட்க இருக்கிறேன். தேவார வகுப்பறைக் கதவுக்குக் கண்ணாடி போடவேண்டும். பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக்கூடாது. முறைப்பாட்டை ஏற்க நிர்வாக சபைக்கு வெளியே இருவர் வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். கதவுச் செலவு பெரிதென்று யாராவது சொன்னால், தேர் வெள்ளோட்டத்துக்குச் சேர்த்த கணக்கை அன்று நானே வாசித்துக் காட்டுவேன்.