போல்ட்டுக்குக் காசு, வாளுக்குக் கழிவு

குனிந்து வாருங்கள்! தலைக்கு மேல் சாரம், காலடியில் ஆணி. தூத்துக்குடியில் மீன் ஏலம் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். படகைக் கரையேற்றி, அறுத்து, ஒட்டி, மினுக்கி, கைமாற்றிவிடும் பட்டறைக்குள் வந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னை உள்ளே விட்டுவிட்டார்கள். இந்த சந்தோஷத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால்தான் உங்களையும் கையோடு இழுத்து வருகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடந்தாக வேண்டும். பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு மூலையில் கிரைண்டர் அலறுகிறது, அதை மிஞ்சிக்கொண்டு செல்போனில் பழைய பாட்டு. ஃபைபர் பிசினின் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. வர்ண டப்பாக்கள், கிழிந்த வலை, கழற்றிப் போட்ட விசிறி, மரத்தூள் மிதக்கும் டீ கிளாஸ், படகின் சுக்கானிலேயே காயப்போட்ட யாரோ ஒருவரின் சட்டை! கடலில் பார்க்கும்போது எவ்வளவு ஒய்யாரமாக இருக்கும் படகு, இங்கே அடிவயிறு தெரிய நிற்கிறது. சங்கடமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

அதோ, படகின் அடிமரமான ஏராவுக்குப் பக்கத்தில் மண்ணில் மல்லாந்து படுத்திருப்பவர்தான் மூத்த ஓடாவி. படகுத் தச்சரை இந்தக் கரையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திரித்துத் திணித்து, உளியை வைத்து ‘டொக் டொக்’ என்று இறக்குகிறார். கலப்பத்து வேலை. கண்ணில் வியர்வை இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. அவருடைய பேரன் வயதுள்ள பையன் துண்டால் ஒற்றிவிடுகிறான். “மெதுவா ஒத்துலே, மூக்கு கூடவே வந்துரப் போகுது” என்கிறார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

இந்தப் படகுக்கு முன்னால் இருந்த முதலாளி பக்கவாட்டில் ஒரு பலகை உயர்த்தியிருக்கிறார். அலை உள்ளே தெறிக்காது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்ற கணக்கு. தெறிப்பு குறைந்தது உண்மை. ஆனால் மேல்பாரம் கூடி, பக்கக் காற்றில் ஆட்டமும் கூடிவிட்டது. இப்போது வாங்க வந்தவர் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். உயர்த்த ஆன செலவு போனது போக, இறக்க ஆகும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்கிறார்.

பக்கத்தில் நின்ற தரகர் என் காதில் சொன்னது, இந்தப் பட்டறையின் முழுக் கணக்கும் அதுதான்: “போல்ட்டுல நிக்கிறதுக்குக் காசு உண்டு. வாள் வச்ச இடத்துக்குக் கழிவுதான்.” கழற்றி எடுக்கக்கூடிய மாற்றத்துக்கு அடுத்தவன் விலை கொடுப்பான். மரத்தை அறுத்துச் செய்த மாற்றம் அறுத்தவனுக்கு மட்டும் சொந்தம்.

இந்தக் கணக்கு முத்துக்குளிப்புக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய குதூகலம். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் குளிப்பு அறிவித்ததும், நேற்றுவரை வலை ஏற்றிய வள்ளத்துக்கே பக்கவாட்டில் கழிகளைக் கட்டி, குளிகற்களைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாள், ஒருவர் மாற்றி ஒருவர் இறங்குவார்கள். குளிப்பு முடிந்தால் கழியை அவிழ்த்துவிட்டு மறுபடி மீனுக்குப் போய்விடுவார்கள். வள்ளத்தில் ஒரு துளைகூட மிஞ்சாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. பிறகு சங்கு குளிப்பவர்கள் வள்ளத்தில் காற்று அடைக்கும் கம்ப்ரசரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் இறக்கினால் வள்ளம் பழைய வள்ளம்தான். எவ்வளவு தெளிவான புத்தி பாருங்கள்!

தோணிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய்வந்த தூத்துக்குடித் தோணியில் என்ஜின் வைக்க வேண்டுமென்றால் பின்பகுதியைத் திறந்தே ஆக வேண்டும். என்ஜினும் டீசலும் சரக்கின் இடத்தைத் தின்றன. காற்றுக்குக் காத்துக் கிடந்த நாட்கள் மிச்சமாயின. அந்த வாளுக்கு மட்டும் கழிவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இந்தப் பக்கம் வாருங்கள், வர்ணக்காரரின் ராஜ்ஜியம்! படகின் முகப்பான அணியத்தில் மாதாவின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். பெயருக்கு நிழல் எழுத்து, நிழலுக்கு ஒரு மஞ்சள் கோடு, கோட்டுக்கு இரு பக்கமும் பூ. ஆகஸ்ட் 5ல் பனிமய மாதா திருவிழா வருகிறதே, அதற்குள் படகு ஜொலிக்க வேண்டாமா? பதிவு எண்ணை மட்டும் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. தூரத்திலிருந்து படிக்கும்படி நேராக, பெரிதாக இருக்க வேண்டும். அங்கே வரும்போது அவர் முகத்தில் ஒரு சலிப்பு. மறுபடி பூவுக்குத் திரும்பும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, தூரிகையை ஒரே இழுப்பில் சுழற்றுகிறார். இதழ் விரிகிறது!

இவ்வளவு அழகுக்கு விற்கும்போது என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. வாங்குகிறவர் முதல் வேலையாகத் தன் குலத்துக்கோ குழந்தைக்கோ பிடித்த பெயரை எழுதத்தான் ஆளைத் தேடுவார். புது வர்ணம் பூசி விற்க வந்தால் சந்தேகமும் கூடும், எதை மறைக்கப் பூசினார்களோ என்று. இருந்தாலும் நான் வர்ணக்காரர் கட்சி. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகிற மனிதன், கண்ணுக்கு அழகான ஒன்றில் ஏறிப் போகட்டுமே. அந்தக் காசு வீண் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கேபினுக்குக் கீழே எட்டிப் பாருங்கள். இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம், இரண்டு முதுகுகள், கிரீஸ். விசைப்படகுகள் பலவற்றின் வயிற்றில் உறுமுவது லாரிகளில் நாம் கேட்ட அதே லேலண்ட் வகையறாதான், கடலுக்கேற்றபடி மாற்றப்பட்டது. மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, “அண்ணாச்சி, தண்ணி பாட்டில எறிங்க” என்கிறார். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி மறைந்துவிடுகிறார்.

பெரிய என்ஜின் வைத்தால் விலை ஏறும் என்றுதான் நானும் நினைத்தேன். தமிழ்நாட்டின் 2020 மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் விசைப்படகு என்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் படகு படகாக ஏறி ஆய்வு செய்வார்கள். வரம்பைத் தாண்டிய என்ஜின் எவ்வளவு பாய்ச்சல் காட்டினாலும், வாங்க வருகிறவர் பேப்பரைப் பார்த்ததும் பின்வாங்குவார். என்ஜினும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகிற படகுக்குத்தான் அட்வான்ஸ் விழும்.

இப்போது ஆள் நடமாட்டம் கூடுகிறது, பேரம் தொடங்கப் போகிறது! வாங்க வந்தவருக்குத் தருவைகுளம். அந்த ஊர்க்காரர்கள் செவுள்வலையோடு பல நாள் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். தூத்துக்குடி இழுவைப் படகுகளோ காலையில் போய் இரவுக்குள் திரும்புபவை. அதனால் ஒரே மாற்றத்துக்கு இரண்டு துறையில் இரண்டு விலை. இந்தப் படகின் மீன் அறையைத் தெர்மாகோல் வைத்து, மேலே ஃபைபர் ஒட்டி, பனிக்கட்டி நாள்கணக்கில் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் அதைப் பார்த்து “இடத்த அடைக்குது” என்றாராம். தருவைகுளத்துக்காரர் உள்ளே இறங்கி, நான்கு பக்கமும் தடவிப் பார்த்து, மேலே வரும்போது முகத்தை மிகக் கஷ்டப்பட்டுச் சாதாரணமாக வைத்திருந்தார். தரகர் கண்டுபிடித்துவிட்டார்!

அடுத்து தருவைகுளத்துக்காரர் சுத்தியலைக் கேட்டு வாங்கினார். மரத்தின் மேல் வெளிப்பக்கமாக ஃபைபர் ஒட்டிய படகு இது. பார்வைக்கு வழவழப்பு, கடற்புழு துளைக்காது, தண்ணீரிலும் நன்றாக வழுக்கிப் போகும். ஆனால் ஈரம் காயாத மரத்தின் மேல் ஒட்டியிருந்தால் உள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியாது. அதனால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போகிறார். டங்... டங்... டங்... எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் ஓரிடத்தில் ‘பொத்’. திரும்பவும் தட்டினார், ‘பொத்’. ஓடாவி எழுந்து வந்து திருப்புளியை வைத்து அமுக்கினார். ஃபைபர் விரிந்து, பழுப்பு நிறத் தண்ணீர் ஒரு கோடாக வடிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். “ரெண்டு பலகை. வங்கு நல்லாருக்கு” என்றார், உள்ளே இருக்கும் விலாச்சட்டத்தைச் சொல்கிறார். அவர் வேலை செய்கிற படகு, அவருக்குக் கூலி கொடுப்பவர் விற்கிறவர். ஆனாலும் பொய் சொல்லவில்லை. நான் அங்கே பார்த்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வரி.

இரண்டு பலகைக்குக் கழிவு, மேல் பலகைக்குக் கழிவு, மீன் அறைக்குக் கூடுதல். துண்டைப் போட்டு மறைத்துப் பேசும் பழக்கமெல்லாம் இல்லை, கால்குலேட்டரைக் காட்டித்தான் பேசினார்கள். கடைசியில் தருவைகுளத்துக்காரர், “வின்ச்சு எனக்கு வேண்டாம், இழுவைக்குப் போறவன் இல்ல நான்” என்றார். விற்பவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, “கழட்டுங்கலே!” என்றார்.

நான்கு போல்ட். மூன்று சுலபமாக வந்துவிட்டன, நான்காவது உப்பில் இறுகிப்போய் அரை மணி நேரம் எல்லோரையும் திட்ட வைத்தது. இறக்கிய வின்ச்சை ஆறு பேர் கட்டையில் கோத்துத் தோளில் தூக்கி, வர்ண டப்பாக்களைத் தாண்டி, அதே பட்டறையில் நின்ற இன்னொரு படகுக்குக் கொண்டுபோனார்கள். வழியை விடச் சொல்லி என்னையும் ஒரு அதட்டு. அந்தப் படகுக்காரர் ஏற்கெனவே கீழே நின்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு போல்ட்டு வளைஞ்சிருக்குல்லா வே, அதுக்குக் கழிங்க!”