எதற்கு உதவும் என்று யார் கேட்கிறார்கள்?



நம் ஆசிரியரின் நினைவாக ஆண்டுக்கு ஓர் உரை என்று முடிவானபோது, இலக்கியம் பேசுவதா நிலம் பேசுவதா என்று யோசித்தோம். கடைசியில், அவர் வாழ்நாளெல்லாம் நின்ற இடத்தையே எடுத்துக்கொண்டோம். அது வகுப்பறை. அங்கே என்ன பாடம் நடக்க வேண்டும், அதை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள காலனிகளில் தாய்மார்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “இந்த குரூப்பு எடுத்தா என்னா வேல கெடைக்கும் சார்?” நியாயமான கேள்வி. கழனி வேலைக்குப் போய், கட்டட வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பயனைப் பற்றிக் கேட்பது தாழ்ந்த விஷயம் என்று நாம் சொல்லவே மாட்டோம்.

ஆனால் இதே கேள்வி இன்னொரு வாயிலிருந்தும் வந்திருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில், கணக்கில் தவறிய காலனிப் பிள்ளையைப் பார்த்து ஒரு வாத்தியார் கேட்டார்: “மல்லாட்ட புடுங்கப் போறவனுக்கு அல்ஜீப்ரா எதுக்குடா?” அன்று ஊர்த்தெருப் பையன் ஒருவனும் அதே கணக்கில்தான் தவறினான். அவனிடம் சொன்னது: “சாயங்காலம் டியூஷனுக்கு வா.” பாடம் ஒன்று, தவறு ஒன்று, அளவுகோல் மட்டும் இரண்டு. தாய் கேட்ட கேள்வி பிள்ளை எங்கே போகலாம் என்பது. வாத்தியார் கேட்டது பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்பது. சொற்கள் ஒன்றுபோல இருப்பதால் இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தக் குழப்பம் ஒருமுறை இந்த மாநிலத்தில் அரசுத் திட்டமாகவே வந்தது. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் அது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாட நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. காலையில் ஒரு பகுதியினர், பிற்பகலில் இன்னொரு பகுதியினர். மீதி நேரத்தில் பிள்ளை தன் குடும்பத் தொழிலைப் பெற்றோரிடம் கற்க வேண்டும். பெண்பிள்ளைகள் வீட்டு வேலையைத் தாயிடம் கற்க வேண்டும்.

அதற்குச் சொன்ன காரணங்கள் கேட்க நன்றாகவே இருந்தன. பள்ளிக்கூடங்கள் போதாது, ஆசிரியர் போதாது. இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடத்தில் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம். வெறும் ஏட்டுக் கல்வி எழுத்தர்களைத்தான் உருவாக்கும். கைத்தொழில் வாழ்க்கைக்கு உதவும். அதாவது, பயன்.

நெசவாளி பிள்ளைக்குத் தறி, தச்சர் பிள்ளைக்கு உளி என்று சொல்லிப் பார்க்கும்போது இதன் கூர்மை தெரியாது. சேரிப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அன்று அவன் தகப்பன் செய்த வேலை என்ன? படியாள் வேலை, செத்த மாடு தூக்குவது, சாவுக்குப் பறையடிப்பது, வெட்டியான் வேலை. எந்தத் தொழிலிலிருந்து தப்பிக்கப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்களோ, அந்தத் தொழிலுக்கே பாதி நாளைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் திட்டம். கிராமத்துக்கு மூன்று மணி நேரம். நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் ‘குலக்கல்வி’ என்று அழைத்து எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகிக் காமராசர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ‘பயன்’ என்பது எப்போதும் இன்றைய நிலையை வைத்தே அளக்கப்படுகிறது. இன்று கழனியில் நிற்பவனுக்கு எது பயன்படும் என்று பார்த்தால் கழனி வேலைதான் பயன்படும். அவன் நாளைக்கு எங்கே நிற்பான் என்பது அந்த அளவுகோலில் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவர் என்பதால் மறுக்கப்பட்டது, பாரசீகம் எடுத்துக்கொண்டார். அந்நாளில் ஒரு மகார் மாணவனுக்குச் சமஸ்கிருதத்தால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பின்னாளில் தம் முயற்சியால் அதைக் கற்றார். 1946இல் சூத்திரர் யார் என்று ஆராய்ந்து நூல் எழுதியபோது வேத, சாத்திர நூல்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கருத்தரங்கில் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தார். மானுடவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நமக்குச் சாதியைப் புரியவைக்கும் வேலை கிடைத்தது.

இன்னும் அருகில் வருவோம். வரலாற்றுப் பாடம் வீண் என்கிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அனுப்பிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்கும் அரசாணை வந்தது. அப்படி வழங்கிய நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கக் கூடாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அதுதான் பஞ்சமி நிலம். இந்த வரலாறு தெரிந்த பிள்ளைதான் தாலுகா அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்கிறான். தெரியாத பிள்ளை அந்த நிலத்திலேயே கூலிக்குப் போகிறான். வட்டிக் கணக்குத் தெரிந்த வீட்டில் கந்துவட்டிக்காரன் குரல் தணிகிறது. எந்தப் பாடம் எந்த நாளில் கைகொடுக்கும் என்று பத்து வயதில் யாராலும் சொல்ல முடியாது.

இந்த விவாதம் நம்முடையது மட்டுமல்ல. அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881 முதல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி பள்ளியை நடத்தினார். கறுப்பின மக்கள் முதலில் கைத்தொழில் கற்று, பொருள் சேர்த்து, மெல்ல மேலேறலாம் என்பது அவர் வழி. து போய்ஸ் 1903இல் எழுதிய நூலில் அதை மறுத்தார். உயர்கல்வியையும் அரசியல் உரிமையையும் விட்டுக்கொடுத்துப் பெறும் தொழிற்கல்வி தாழ்நிலையை நிரந்தரமாக்கும் என்பது அவர் வாதம். வாஷிங்டனைத் துரோகி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பசித்த சமூகத்துக்கு உடனே சோறு போடும் கல்வியை அவர் தேடினார். நம் வீடுகளிலும் அந்தத் தேவை இருக்கிறது. ஐடிஐ முடித்த அண்ணன் சம்பளத்தில் தங்கை கல்லூரி போகிறாள். அந்த அண்ணனின் படிப்பை எந்த மேடையிலும் நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

அப்படியானால் நாம் எதை எதிர்க்கிறோம்? தொழிலை அல்ல, தொழிலைப் பிறப்போடு கட்டுவதை. ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது இதனால்தான். 2020 கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் அறிமுகம் என்கிறது. சரி, எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள். நகரத்துத் தனியார் பள்ளியில் படிக்கும் மருத்துவர் பிள்ளையும் மண்வெட்டி பிடிக்கட்டும்; காலனிப் பிள்ளையும் இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கட்டும். ஒருவனுக்கு அது அனுபவம், இன்னொருவனுக்கு அதுவே தலைவிதி என்றால் அந்த மண்வெட்டி ஒன்றல்ல.

பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றில் சேரும் நாள்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய நாள். “சயின்ஸ் குரூப் உனக்கு வராது, தொழிற்பிரிவு போ” என்ற ஒரு வரியில் எத்தனையோ கதவுகள் அன்றே மூடிவிடுகின்றன. அது அறிவுரையாக இருக்கலாம், அனுப்பிவைப்பதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க நாம் வைத்திருக்கும் சோதனை எளிது: சொல்கிறவர் தம் சொந்தப் பிள்ளைக்கு, அதே மதிப்பெண்ணுக்கு, அதையே சொல்வாரா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைக்கும் பாடத்தால் யாருக்கும் பயனில்லை. அங்கே பயன் கேட்க வேண்டியது பாடத்திடம் அல்ல, கற்பிக்கும் முறையிடம். நம் ஆசிரியர் பரப்பளவுக் கணக்கை வயல் வரப்பில் நிறுத்தி, சென்டையும் காணியையும் அளக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த வயல் நம்முடையது அல்ல. “அளக்கத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் யார் வயல்னு கேப்போம்” என்பார்.

வருகிற ஜூனில் சேர்க்கைக்குப் போகும் பெற்றோரோடு நம் மன்றத் தோழர்கள் இருவர் இருவராகக் கூடப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள நோட்டில் எழுதுங்கள். ஜெய்பீம்.