காலி இடத்தை அழிக்காதீங்க!

ராமநாதபுரத்தில் அக்கா பையன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டான். கொடுக்கப் போன என்னைக் கம்ப்யூட்டர் டீச்சர் மடக்கிவிட்டார். "பத்திரிகையில எழுதறவர்தானே? உட்காருங்க சார். பசங்க காலக்கோடு போடறாங்க!"

எட்டாம் வகுப்பு. நம்ம காலத்தில் காலக்கோடு என்றால் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கை பூரா பசை. இப்போது எல்லாமே மௌஸ்!

ஒரு பையன் பவர்பாயின்ட்டில் ரெடிமேட் அம்பு ஒன்றை எடுத்து, மூன்று வட்டம் வைத்திருந்தான். 1806 வேலூர்ப் புரட்சி, 1857 சிப்பாய்க் கலகம், 1947 சுதந்திரம். கலரெல்லாம் கல்யாணப் பத்திரிகை தோற்றது.

"முதல் ரெண்டுக்கும் நடுவுல எத்தனை வருஷம்?"

"51, மிஸ்."

"அடுத்து?"

"90."

"அப்புறம் ஏன்டா ரெண்டுக்கும் ஒரே இடைவெளி?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அம்புக்கு அழகுதான் தெரியும், கணக்கு தெரியாது.

எக்ஸெல்லுக்கு மாறினார்கள். பி.காம். ஆச்சே, சும்மா இருப்பேனா? காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு 10-7-1806 என்று தட்டினேன். ஊஹூம்! எக்ஸெல்லின் காலண்டர் 1900 ஜனவரி 1-ல்தான் ஆரம்பம். அதற்கு முந்தைய தேதியெல்லாம் அதற்கு வெறும் எழுத்து. 1882-ல் பிறந்த பாரதியாருக்கே அங்கே பிறந்தநாள் கிடையாது!

"வருஷத்தை மட்டும் நம்பரா போடுங்க சார்" என்றாள் ஒரு பெண். போட்டேன். வரைபடத்தில் புள்ளிகள் அதனதன் தூரத்தில் சமர்த்தாக உட்கார்ந்தன.

அவள் போட்டுக்கொண்டிருந்தது அவளுடைய அப்பத்தாவின் காலக்கோடு. "1964 தனுஷ்கோடி புயலப்போ ஆறோ ஏழோ வயசுன்னு சொல்றாங்க மிஸ். பிறந்தது எந்த வருஷம்னு போடறது?"

டீச்சர் ஒரு படத்தைக் காட்டினார். ஆக்ஸிஜன் பாடத்தில் வருவாரே ஜோசப் பிரீஸ்ட்லி, அவர் 1765-ல் போட்ட காலக்கோடு. சுமார் இரண்டாயிரம் பேர். ஆயுள் எவ்வளவோ கோடு அவ்வளவு நீளம். பிறந்த வருஷம் சரியாகத் தெரியாதவர்களுக்கு? புள்ளி புள்ளியாக வைத்துவிட்டார் மனுஷர்.

அப்பத்தாவின் கோடும் புள்ளிகளில் தொடங்கியது. "இப்பப் பொய் இல்ல மிஸ்!"

"மாமா, உங்களுக்கும் போடறேன்" என்று அக்கா பையன் கிளம்பினான். 2010 பி.காம்., 2013 முதல் வேலை.

"நடுவுல காலியா இருக்கு மாமா. இழுத்து ஒட்டிடவா?"

சுரீர் என்றது. எத்தனை இன்டர்வியூவில் 'அக்கவுன்ட்ஸ் பயிற்சி' என்று புளுகி அந்த இடத்தை ஒட்டியிருக்கிறேன்! அந்த மூன்று வருஷமும் அப்பா படுத்த படுக்கை. பக்கத்தில் நான்.

"வேணாம்டா. அப்படியே இருக்கட்டும்." காரணத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பச்சைக் கலர் கொடுத்து, மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்: 'தாத்தாவைப் பார்த்துக்கொண்டார்.'

மற்ற கோடுகளைவிட அதைக் கொஞ்சம் தடிமனாகவும் ஆக்கினான்.

டிபன் பாக்ஸா? அது இன்னும் என் கையிலேயே இருந்தது!