இலைக்கு ஒரு நிழல் வீடு

சுவாமிமலை வட்டாரத்தில் நெல் வயல்களுக்கு நடுவே அகத்தி நெருக்கமாக நிற்கும் இடங்களைப் பார்க்கலாம். அவை வெற்றிலைக் கொடிக்கால்கள். கும்பகோணம் வெற்றிலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் தளிர் இலையின் மென்மையில் அகத்தி நிழலுக்குப் பெரிய பங்கு உண்டு.

வெற்றிலை மிளகின் இனம். நிழலில் வளரும் கொடி. நேர்வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். அதனால்தான் அகத்தியை முதலில் விதைத்து, அது எழும்பிய பிறகு கொடியை நட்டு, ஏற ஏற மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அகத்தியின் உச்சியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் பரவிக் கூரையாகும். அதன் சிற்றிலைகளுக்கு இடையே வெளிச்சம் சல்லடையில் சலித்ததுபோல இறங்கும். பாத்திகளுக்கு இடையே வாய்க்காலில் நிற்கும் நீரும், இலைகள் விடும் நீராவியும் உள்காற்றைக் குளிர்விக்கின்றன. அகத்தி வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கின்றன.

குளிர்நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்ற விவசாயி, ஹீட்டர் இல்லாத பசுமைக்குடிலிலேயே உறைபனிக் காலத்திலும் சாலட் இலைகளை அறுவடை செய்து காட்டினார். பகல் வெயில் தந்த சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பதே அந்தக் குடிலின் வேலை. அதே குடிலை டெல்டாவின் சித்திரை வெயிலில் மூடி வைத்தால் செடி வெந்துவிடும். இங்கே கூரை சூட்டைத் தடுக்க வேண்டும். காற்றை விட வேண்டும்.

மாடியில் கீரை வளர்ப்பவர்கள் இதற்கு 50 சதவீத நிழல்வலையை ஆளுயரத்துக்கு மேலே கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். லெட்டூஸ் விதை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சரியாக முளைக்காது. செடி சூட்டில் சீக்கிரம் பூத்தண்டு விடும், இலை கசக்கும். எனவே அதையும் கொத்தமல்லியையும் கார்த்திகை முதல் தை வரை வைத்துக்கொள்வது நல்லது. தண்டுக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வலை வேண்டாம். வெயிலையும் சூட்டையும் தாங்கி ஒளிச்சேர்க்கை செய்யும் வகை அவை.

வலைக்கடியில் ஆண்டு முழுவதும் வைக்க ஏற்றது வல்லாரை. ஈரமும் அரைநிழலும் இருந்தால் தண்டு தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். யாழ்ப்பாணத்தில் இதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பச்சையாகவே சம்பல் செய்கிறார்கள். சாக்கடையோரம் முளைத்த வல்லாரையை அப்படிச் சாப்பிடக் கூடாது. அகலமான தொட்டியில் சுத்தமான தண்ணீர் விட்டு வளர்த்ததைப் பறித்து, நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடலாம்.