மருத்துவ முன்கல்வி: எப் பல்கலைக்கழகம்?

கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் உற்றாரின் பிள்ளைகள் பலர் மருத்துவராக விழைகின்றனர். "இரு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடங் கிடைத்துளது, எதனைத் தெரிவது?" என்னும் வினா அவ்வீடுகளில் எழுகின்றது. மிச்சிகன் மாநிலத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையின் பின் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகும் மாணவர் நேரே மருத்துவங் கற்கத் தொடங்குவர். அமெரிக்காவிலோ, பெரும்பாலும் நான்காண்டு பயின்று பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரி புகலாம். அதற்கு ஆயத்தஞ் செய்யும் படிப்பே மருத்துவ முன்கல்வி. அது பெரும்பாலும் தனியொரு பட்டமன்று. வரலாறு பயில்பவரும் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல், சேதன இரசாயனவியல் முதலியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியோடு கற்றால் விண்ணப்பிக்கலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817இல் தோன்றி, 1837இல் ஆன் ஆபர் நகருக்கு வந்தது. அதன் மருத்துவக் கல்லூரி 1850இல் திறக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமோ 1855இல் விவசாயக் கல்லூரியாக ஈஸ்ற் லான்சிங்கில் உதித்தது. முன்னையதன் புகழ் பெரிது. ஆயினும், புகழ் மாத்திரம் மாணவனை மருத்துவக் கல்லூரியிற் சேர்ப்பதில்லை. அவன் பெறும் புள்ளிகள், நுழைவுத் தேர்வின் பெறுபேறு, அவனை நன்கறிந்த ஆசிரியரின் நற்சான்று, நோயாளரிடையே பெற்ற அனுபவம் ஆகியனவே பெரிதும் நோக்கப்படும்.

சேதன இரசாயனவியலில் ஒருமுறை தவறியவன் அதனை மீளக் கற்கலாம். ஆனாற் பழைய புள்ளியும் கணிப்பிற் சேரும். ஆதலால், நூற்றுக்கணக்கானோர் கூடும் விரிவுரை மண்டபத்தில் ஐயந் தீர்க்க ஆளின்றித் தத்தளிப்பதினும், ஆசிரியர் அணுகத்தக்க இடமே நன்று. பெரிய பல்கலைக்கழகத்துள்ளும் அத்தகைய இடம் உண்டு. ஈஸ்ற் லான்சிங்கில் 1967இல் நிறுவப்பட்ட லைமன் பிறிக்ஸ் கல்லூரியில் விஞ்ஞான மாணவர் சிறு சமூகமாகக் கூடிப் பயில்கின்றனர்.

"எம் மாணவருள் இத்தனை வீதத்தினர் மருத்துவக் கல்லூரி புகுந்தனர்" என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்கலாகாது. முதலாண்டில் அந்நோக்கோடு தொடங்கியோர் எத்தனை பேர், இறுதியில் விண்ணப்பித்தோர் எத்தனை பேர் என்றுங் கேட்டறிதல் வேண்டும். இடைவழியில் விலகியோர் அக்கணக்கில் அடங்காதிருக்கலாம்.

செலவையும் மறத்தலாகாது. மாநிலவாசிகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. மருத்துவக் கல்விக்குப் பெருங்கடன் பின்னால் காத்திருப்பதால், முன்கல்வியிலேயே கடன்படுதல் தகாது. இங்கிருந்து நேரே செல்ல எண்ணுவோர் இன்னுமொன்று அறிக: அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பல, வெளிநாட்டுப் பிரசைகளைச் சேர்ப்பதில்லை.

ஆண்டுதோறும் விண்ணப்பிப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் இடம் பெறுவதில்லை. ஆகவே பெற்றோரே, "மருத்துவம் கிட்டாவிடினும் இப்பட்டமும் இப்படிப்பும் என் பிள்ளைக்குப் பயன்தருமா?" என்று வினவுங்கள். "ஆம்" என எப் பல்கலைக்கழகம் விடை தருகின்றதோ, அதுவே உகந்தது.